எட்டாவது நாற்காலி

கண்ணாடிக்கடைக்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். பகல் முழுக்க இருட்டறையில், எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கின்மேல் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, ‘இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?’ என்று கேட்டே நாக்கு அந்த வாக்கியத்துக்குப் பழகிவிட்டது. குழாய் ரிப்பேர்காரர் புது வாஷர் போட்டால், “பழசையும் ஒரு தடவ மாட்டிக் காட்டுங்க” என்பார். முடிவெட்டும் கடையில் இடப் பக்கம் முடிந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, வெட்டாத வலப் பக்கத்தோடு ஒப்பிட்டு யோசிப்பார். முடிவெட்டுகிறவர் அதற்குள் அடுத்தவரைப் பாதி முடித்திருப்பார்.

வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்கு இரண்டாவது லென்ஸ் கிடைக்கவில்லை. அவரைக் கட்டிக்கொண்ட அம்மாள் முதல் சந்திப்பிலேயே, “இதுதான் பவர், இதையே போட்டுக்கங்க” என்கிற தோரணையில் பேசி முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். எல்லை எங்கே என்று அவருக்குத் தெரியும்.

இந்த அம்மாளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தனி வாழ்க்கை இருந்தது. தரைக்கல் விற்கும் கடையின் மாடியில் ஓர் அறை. வாசலில் ‘மாஸ்டர் ரசிகர் மன்றம்’ என்று பலகை. காது கேட்காமல் போன பிறகும் விடாமல் எழுதி, ஒன்பது சிம்பொனிகளை உலகத்தின் தலையில் கட்டிவிட்டுப் போன அந்த மேதையைத்தான் மன்றத்தார் மாஸ்டர் என்பார்கள். பலகையைப் பார்த்துவிட்டுத் தையல் மாஸ்டர் என்று நினைத்து, கால்சட்டையைக் குட்டையாக்கித் தரச் சொல்லி மாடியேறி வந்தவர்களும் உண்டு. அவர்களைத் தலைவர் மரியாதையாகவே திருப்பி அனுப்புவார். தலைவர் வக்கீல். வந்தவர் எந்த வழக்குக்காக வந்திருக்கிறார் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்.

மன்றத்தில் ஒன்பது நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண். ஒரு சிம்பொனிக்கு ஓர் ஆள். புதிதாக வருகிறவர் தமக்கு மிகவும் பிடித்த சிம்பொனி எது என்பதை முழுச் சுதந்திரத்தோடு அறிவிக்கலாம். அது அப்போது காலியாக இருக்கும் நாற்காலியின் எண்ணாக அமைந்துவிட்டால் சேர்த்துக்கொள்வார்கள். இத்தனை காலத்தில் ஒருவருக்காவது வேறு எண் பிடித்துத் தொலைத்ததில்லை. ரசனை அவ்வளவு ஒழுக்கமாக வேலை செய்திருக்கிறது. அப்படியே வேறு எண்ணைச் சொல்லிவிட்டால், அதில் இருப்பவர் பெருந்தன்மையோடு எழுந்து காலி நாற்காலிக்கு மாறலாம் என்று ஒரு துணை விதியும் இருந்தது. பெருந்தன்மைக்கு அதுவரை வேலை வரவில்லை.

அம்மாளுக்கு ஏழாம் நாற்காலி. அவருடைய அண்ணன், தண்ணீர் வாரியத்தில் பம்பு இன்ஜினியர், ஒன்பதாம் நாற்காலி. ஒன்பதாவதில் மட்டும்தான் மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்து பாடுகிறார்கள், ஆகவே அதுவே உயர்ந்தது என்பது அவருடைய கட்சி. வீட்டில் அவர் தம்மைத் தவிர வேறு யாரையும் வாய் திறக்க விட்டதில்லை. நடுவே எட்டு, பல் டாக்டருடையது.

கண்ணாடிக்கடைக்காரருக்கு எந்த நாற்காலியும் இல்லை. காரை ஓட்டிக்கொண்டு போய் இருவரையும் இறக்கிவிட்டு, மாடி வராந்தாவில் ஒரு பெஞ்சில் காத்திருப்பார். ஒரு பக்கம் மீட்டர் பெட்டி, ஒரு பக்கம் தண்ணீர் எந்திரம். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாமே என்பீர்கள். ஒரு தடவை போனார். பாலத்தில் நெரிசல். மனைவி நடைபாதையில் நிற்க வேண்டியதாயிற்று. அதைப் பற்றி இன்றும் வீட்டில் இறந்த காலத்தில் பேசுவதில்லை.

காத்திருப்பதுகூடப் பரவாயில்லை. அதன் பிறகு வரும் இரவுச் சாப்பாடுதான் பொறுக்காது. அண்ணனும் தங்கையும் அவர் தலைக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள். “ரெண்டாவது பகுதியில அவன் அவசரப்பட்டுட்டான்.” “இல்லண்ணா, அவன் சரி, கொம்பு ஊதறவங்கதான் பிந்திட்டாங்க.” யார் அவசரப்பட்டது, எங்கே போக என்று தெரியாமல் இவர் குழம்பை அவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் பல் டாக்டர் காலமானார். தூக்கத்திலேயே, யாருக்கும் வலியில்லாமல். அவர் தொழிலில் அது அபூர்வம். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். திரும்பி வரும்போது காரில் அம்மாள் சொன்னார்:

“எட்டு காலி.”

“பாவம், தங்கமான மனுஷன்.”

“அது இருக்கட்டும். ஏழுக்குப் பக்கத்துல எட்டு. கணக்கு தெரியும்ல?”

கார் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. பின்சீட்டிலிருந்து மச்சான், “மாப்பிள்ள, நாற்காலியில உட்கார உயிரோட போகணும்” என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. மனைவிக்குப் பக்கத்தில், கதவுக்கு உள்ளே, முதுகில் எண் போட்ட நாற்காலி. சாப்பாட்டு மேஜையில், ‘கொம்பு ஊதறவங்க மேல தப்பு சொல்லாத’ என்று ஒரு வார்த்தை தாமும் சொல்வது. வேண்டியதெல்லாம் ‘எட்டு’ என்று சொல்வதும், ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்வதும்தான். இதற்கு யாரும் சிம்பொனியைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். பழக்க தோஷம்.

மனைவியின் ஹெட்ஃபோனை வாங்கிக் கடையின் இருட்டறையில் மாட்டிக்கொண்டு எட்டைப் போட்டார். சற்றுநேரத்தில் கழற்றிவிட்டார். ஏழைப் போட்டார். அதையும் கழற்றினார். அன்று மாலை மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல யாரோ கூட்டமா கீச்சுக்கீச்சுன்னு வயலின் வாசிச்சுக்கிட்டே இருக்காங்களே, அவங்க இல்லாத ரெக்கார்டு கிடைக்காதா?”

அம்மாள் அவரை ஒரு வரைபடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அதுதாங்க பாட்டு.”

இவர் மேல் குற்றமில்லை. மன்றத்து அறையின் சுவர் நெடுக முட்டை அட்டைகளை ஒட்டி, கதவுக்குள் பஞ்சு திணித்திருந்தார்கள். கீழே தரைக்கல் வியாபாரத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாதல்லவா? வயலின், புல்லாங்குழல் எல்லாம் அட்டைக் குழிகளில் விழுந்து அங்கேயே அடங்கிவிடும். பெரிய பெரிய தந்தி வாத்தியங்களின் அடிக்குரலும் முரசும் மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். பெஞ்சில் சுவரோடு முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவர் அதைக் காதால்கூடக் கேட்கவில்லை, முதுகெலும்பால் வாங்கிக்கொண்டார். வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறவனைப்போல, மாஸ்டரின் ஒன்பது சிம்பொனிகளும் அவருக்குக் கீழிருந்து தெரியும். நேரில் வந்து கதவைத் திறந்து முகத்தைக் காட்டினால்தான் அடையாளம் தெரியவில்லை.

அப்படி முதுகால் கேட்டதில் அவருக்கு ஒன்றின் மேல் மட்டும் தனிப் பிரியம். மேடேற முடியாத வண்டியைப்போல அடிக்குரல்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உறுமி, இனி அவ்வளவுதான் என்று நாம் கைவிடும் நேரத்தில் மொத்தமாக மேலே ஏறிவிடும். அந்த இடம் வரும்போது அவர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அது ஏழு. தம் மனைவியுடையது. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொந்த மனைவியின் நாற்காலிமேல் கண் வைப்பது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் தொழிலில் ஒரு கட்டத்தில், லென்ஸைப் புரட்டிக் காட்டும்போது ‘ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு’ என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது, அதுவே சரியான பவர் என்று பொருள். ஹெட்ஃபோனில் ஏழும் எட்டும் ஒரே அளவுக்குத் தொந்தரவாக இருந்தன. ஆகவே சோதனை முடிந்தது என்று வைத்துக்கொண்டு எட்டை ஏற்றுக்கொண்டார். காரணங்களை மனைவி சொல்லிக்கொடுத்தார். ஒத்திகை பார்க்க மச்சான் கடைக்கே வந்தார். வந்ததுதான் வந்தோம் என்று கண்ணையும் காட்டிக்கொள்ள இருட்டறையில் உட்கார்ந்துவிட்டார்.

“சொல்லுங்க மாப்பிள்ள, ஏன் எட்டு?”

“ஏன்னா அதுல நகைச்சுவை இருக்கு.”

“எங்க?”

“ரெண்டாவது பகுதியில. கடிகாரம் மாதிரி டிக் டிக்குன்னு போகும்.”

“அப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. நகைச்சுவைங்கறீங்க, மூஞ்சி அடகுக்கடை மாதிரி இருக்கு.”

கண்ணாடிக்கடைக்காரர் சிரித்துப் பார்த்தார். மச்சான், “வேணாம், அடகுக்கடையே இருக்கட்டும்” என்றார்.

இருட்டறைக்கு ஒரு குணம் உண்டு. முகவாயைத் தாங்கியில் கொடுத்துவிட்டு ஒற்றைக் கண்ணால் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பொய் சொல்ல மறந்துவிடுவார்கள். இவர் லென்ஸை மாற்றியபடி, “உங்களுக்கு நிஜமாவே ஒன்பதுதான் பிடிக்குமா மச்சான்?” என்றார்.

“ஆறு,” என்றார் பம்பு இன்ஜினியர் உடனே. “அதுல மழை பெய்யும் பாருங்க, இடியோட. அந்தத் தண்ணியெல்லாம் எங்கேயாவது தேங்கி நிக்கும்ல, நினைச்சாலே சந்தோஷமா இருக்கும். என்ன செய்ய, நான் சேர்ந்தப்ப ஒன்பதுதான் காலி.”

“அப்ப உங்க தங்கச்சிக்கு ஏழு?”

“அதை அவகிட்டயே கேளுங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசை. இது தெளிவா இல்ல, முன்னாடி போட்டதையே போடுங்க.”

அந்தச் சனிக்கிழமை வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கடையிலேயே விலை உயர்ந்த ஃப்ரேமை மாட்டிக்கொண்டு போனார். அறைக்குள் முதல்முறையாக நுழைந்தார். சாம்பல் நிற முட்டை அட்டைகள் கூரைவரை. எட்டு பேர் உட்கார்ந்திருக்க, நடுவே ஒரு பல் விழுந்த இடம்போல எட்டாம் நாற்காலி. தலைவர் ஐந்தாம் நாற்காலியிலிருந்து மேஜையை நாலு தட்டுத் தட்டினார். அவர் எதைத் தட்டினாலும் நாலு தட்டுத்தான், மூன்று குட்டை, ஒன்று நெட்டை. அவருடைய ஐந்தாவது சிம்பொனி தொடங்குவதும் அப்படித்தான்.

“உங்களுக்கு மிகவும் பிடித்த சிம்பொனி எதுவென்று எவ்விதத் தூண்டுதலும் இல்லாமல் சொல்லலாம்,” என்றார், எட்டாம் நாற்காலியைக் கையால் காட்டியபடி.

“எட்டு.”

அறை முழுக்க ஆச்சரியம் பரவியது. “அடடே!” என்றார் ஆறாம் நாற்காலி அம்மாள், மருந்துக்கடை வைத்திருப்பவர். காரணங்களைக் கேட்டார்கள். நகைச்சுவையும் கடிகாரமும் தடங்கலில்லாமல் வந்தன. மனைவியின் முகத்தில், பாடம் ஒப்பித்த பிள்ளையைப் பார்க்கும் திருப்தி.

“ரொம்ப சந்தோஷம். கடைசியா ஒரு சின்ன சம்பிரதாயம்,” என்றார் தலைவர். “ஒரு இசைத்தட்டைப் போடுவோம். அது உங்க சிம்பொனியா இல்லையான்னு சொன்னாப் போதும். பல் டாக்டர் வந்தப்ப தும்மினார், அதையே ‘ஆமாம்’னு எடுத்துக்கிட்டோம்.”

முள் தட்டில் இறங்கியது. இரண்டு பெரிய பெட்டிகளிலிருந்தும் வயலின்கள் அவர்மேல் பாய்ந்தன. எட்டா? ஏழா? மூன்றா? எதுவும் தெரியவில்லை. அடியில் என்ன நடக்கிறது என்று பிடித்துப் பார்க்கலாம் என்றால் மேலே ஒரே கூட்டம். மனைவியைப் பார்த்தார். மனைவி தலையை லேசாக அசைத்தார். ஆமாம் என்றா, இல்லை என்றா? இத்தனை வருஷ இல்லறத்தில் அந்த அசைவுக்கு மட்டும் அவர் பொருள் கண்டதில்லை. மச்சான் இருமினார். அதிலும் ஒரு தகவலும் இல்லை. புது ஃப்ரேம் வியர்வையில் மூக்கைவிட்டு வழுக்கியது.

“ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வரேங்க,” என்றார்.

“இடது பக்கம் கடைசி,” என்றார் தலைவர் பரிவோடு.

“அதுக்கில்லீங்க. கேக்கறதுக்கு.”

வெளியே போய்க் கதவை இறுக்கமாகச் சாத்தினார். பெஞ்சில் உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்தார். கூச்சலெல்லாம் முட்டை அட்டைக்குள் போய் விழுந்தது. அடியில், தெளிவாக, அவருடைய வண்டி மேட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

உள்ளே எட்டு பேரும் கதவைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். உடனே வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் வண்டியைப் பாதி மேட்டில் விட்டுவிட்டு எப்படி வருவது? அது ஏறி முடித்த பிறகுதான் கதவைத் திறந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஒத்திகையில் வராத அந்தச் சிரிப்பு.

“இது ஏழுங்க! முதல் பகுதி முடியற இடம். ஒரே எடத்துல நின்னு நின்னு, ஏற மாட்டேன் ஏற மாட்டேன்னு சொல்லி, அப்புறம் ஏறும் பாருங்க! எனக்கு இதைவிடப் பிடிச்சது உலகத்துல கிடையாது.”

சொல்லி முடித்த பிறகே தாம் சொன்னது அவருக்குக் கேட்டது.

தலைவர் ஊசியைத் தூக்கி வைத்தார். வக்கீல் குரல் வந்துவிட்டது. “சற்றுமுன் எட்டு என்றீர்கள்.”

“என்றேன்.”

“இப்போது ஏழு என்கிறீர்கள்.”

“வாய்தவறி உண்மை வந்துடுச்சுங்க.”

எல்லாத் தலைகளும் ஏழாம் நாற்காலிப் பக்கம் திரும்பின. தலைவர் துணை விதியை மனப்பாடமாகச் சொன்னார். “ஆகவே, அம்மா, நீங்க பெருந்தன்மையோட எட்டுக்கு மாறினா விஷயம் முடிஞ்சுது. ஒரு நாற்காலி தள்ளி உட்காரணும், அவ்வளவுதான்.”

“முடியாது,” என்றார் அம்மாள்.

“ஏழு அவ்வளவு பிடிக்குமா?”

“பிடிக்குதுன்னு யாரு சொன்னா? நான் வந்தப்ப ஏழுதான் காலியா இருந்துது, உட்கார்ந்தேன். அதுக்காக எத்தனை பேச்சு பேசியிருக்கேன், எத்தனை சண்டை! இதோ இந்த ஆறாம் நம்பர் அம்மாவோட இன்னிக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல. இவரு வெளியில உட்கார்ந்து சுவத்துல சாஞ்சு கேட்டுட்டு, எனக்குப் பிடிச்சிருக்குன்னு வந்து நிப்பாரு, நான் எழுந்து குடுத்துடணுமா?”

கண்ணாடிக்கடைக்காரரால் நாக்கை அடக்க முடியவில்லை. “அப்ப உனக்குப் பிடிச்சது எதும்மா? ஏழா, எட்டா?”

“எட்டுதான். சின்னதா இருக்கும், சிரிச்ச முகமா இருக்கும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.”

“அப்ப எட்டுக்கு வந்துடேன்!”

“வர மாட்டேன்.”

ஆறாம் நாற்காலி அம்மாள் அந்தச் சூட்டில், தமக்கு இடிச்சத்தமே ஆகாது, ஆறாவதில் அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம், இந்த அம்மா பிடிக்காமலே கட்டிக்கொண்டு அழும் ஏழில்தான் தமக்கு உயிர் என்று கொட்டிவிட்டார். சண்டையின் வேர் வெளியே வந்தது. மச்சான் தரையைப் பார்த்து, “எனக்கு மழைன்னா பிடிக்கும்” என்றார். மூலையிலிருந்து யாரோ, “எனக்கு நாலு பிடிக்கலேன்னு சொன்னா யாராவது தப்பா எடுத்துப்பீங்களா?” என்று கேட்டார்கள்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு இது பழக்கமான காட்சி. தயாரான கண்ணாடிகளெல்லாம் உறை மாறிப் போய், ஆளாளுக்கு அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ‘நல்லாத்தான் தெரியுது’ என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற கூட்டம். அவர் உற்சாகமாகிவிட்டார். “இதுல கஷ்டமே இல்லீங்க. எல்லாரும் ஒரு தடவ எழுந்து...”

“உட்காருங்க!” என்றார் தலைவர். உட்கார நாற்காலி இல்லாததால் அவர் நின்றுகொண்டே இருந்தார். “எல்லாரும் எழுந்து மாறி உட்கார்ந்தா எல்லாருக்கும் பிடிச்சது கிடைச்சுடும். அப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை எதைப் பத்திப் பேசறது? மன்றத்தைக் கலைச்சுடலாங்கறீங்களா?”

யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் முன்னே எழப் பார்த்தவர்கள்கூட நாற்காலியை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். விண்ணப்பதாரர் முதலில் சொன்ன எட்டே செல்லும், பிறகு சொன்ன உண்மையை யாரும் கேட்கவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. தலைவர் கைகுலுக்கினார். குரலைத் தாழ்த்தி, “போகப் போகப் பிடிச்சுடும்” என்றார்.

“உங்களுக்கு அஞ்சு பிடிச்சுடுச்சுங்களா?”

தலைவர் மேஜையை மூன்று தட்டுத் தட்டினார். நான்காவதைத் தட்டாமல் கையை எடுத்துக்கொண்டார்.

இப்போது கண்ணாடிக்கடைக்காரர் மன்றத்தின் முழு உறுப்பினர். எட்டாவதைக் குறை சொன்னவர்களோடு சாப்பாட்டு மேஜையில் இரண்டு முறை கோபித்துக்கொண்டிருக்கிறார். கொம்பு ஊதுகிறவர்கள் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் இருக்கிறது. மனைவிக்கும் மச்சானுக்கும் நடுவில், முதுகில் எண்ணோடு, கால் மேல் கால் போட்டு உட்காருகிறார். ஏழாவதின் முறை வரும்போது மட்டும் அவருக்குத் தவறாமல் தாகம் எடுத்துவிடும்.

ஒரு தடவை அம்மாள் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டார். கணவர் பெஞ்சில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, யாரோ தோளைப் பிடித்துவிடுவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

“இங்க ஒண்ணுமே கேக்கலியே,” என்றார் அம்மாள்.

“சாய்ஞ்சு பாரு. கீழ கேக்கும்.”

அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சாய்ந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கவனித்தார். “எங்கண்ணன் ஆபீஸ்ல பம்பு ஓடற மாதிரி இருக்கு,” என்றார். ஆனாலும் வண்டி மேடேறி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு, ஏழாம் நாற்காலி ஏழாவதுக்கே காலியாக இருந்தால் மருந்துக்கடை அம்மாள் என்ன செய்வாரோ என்ற நினைப்பு வந்து அவசரமாக உள்ளே போனார்.

அடுத்த சுற்றிலிருந்து அவர் ஒரு முன்னேற்பாடு செய்துகொண்டார். கணவர் தண்ணீர் குடிக்க எழுந்த கையோடு தம் கைப்பையை எடுத்து எட்டாம் நாற்காலியில் வைத்துவிடுகிறார். யாராவது பார்த்தால், “ஆள் இருக்கு” என்கிறார்.